சனிக்கிழமைக்காரி

தாழைக்குப்பத்துச் சிம்ஹாவின் வாயை அடைக்க ஒரு வழி இருக்கிறது என்று ஊராட்சித் தலைவர் கிருபாகரனுக்குத் தோன்றியது. அதற்கு முன் அவருக்குச் சொந்தமாக எதுவும் தோன்றியதாக ஊரில் யாருக்கும் நினைவில்லை. அதனாலோ என்னவோ, தன் யோசனையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அறிவிப்பு ஆட்டோவிடம் மட்டும் சொன்னார். ஆட்டோ மாமல்லபுரம் சாலையிலிருந்து குப்பத்துக்குள் இறங்கி, மணலில் ஒரு முறை சிக்கி, நாலு பேர் தள்ளி மீண்டு, சிம்ஹா வீட்டு வாசலுக்கு நேராக வந்து நின்று ஒலித்தது. வருகிற சனிக்கிழமை காலை, இலுப்பஞ்சேரி கல்யாண மண்டபத்தில் சிறப்புக் கிராம சபை. பொதுமக்கள் அனைவரும் வருக. மதியம் பிரியாணி உண்டு.

சிம்ஹாவின் அக்கா ராஹேல் தையல் மிஷினை நிறுத்தினாள். அப்போது அவள் தைத்துக்கொண்டிருந்தது கிருபாகரனின் மனைவிக்கான ரவிக்கை. ஊசியைத் தூக்கி, நூலை நறுக்கி, துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவள் கோபப்பட்டாள். எதையும் பாதியில் விட்டுவிட்டுக் கோபப்படும் பழக்கம் அவளுக்கு இல்லை.

கோபத்துக்குக் காரணம் இரண்டு. ஒன்று, நாள். சிம்ஹாவும் ராஹேலும் சனிக்கிழமை எழுத மாட்டார்கள், அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள், போன் தொட மாட்டார்கள், வண்டி ஏற மாட்டார்கள். குப்பத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். இரண்டு, இடம். கிராம சபை எப்போதும் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் நடக்கும், சிம்ஹா வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இலுப்பஞ்சேரியோ பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி அஞ்சு கிலோமீட்டர் உள்ளே, வயல்காட்டு ஊர். ஒரே ஊராட்சிதான் என்றாலும், அந்த ஊர்க்காரர்கள் கடலைப் பார்ப்பதற்குக்கூட உறவினர் யாராவது வெளியூரிலிருந்து வர வேண்டும்.

நாள், இடம் இரண்டையும் சேர்த்துக் கட்டிய பெருமையில் கிருபாகரன் அன்று டீக்கடையில் இரண்டு டீ குடித்தாராம். சனிக்கிழமைக்காரி இந்த முறை எப்படி வருகிறாள் பார்க்கலாம் என்று சொன்னாராம். ஆட்டோ ஓட்டிய ரமேஷ்தான் வந்து சொன்னான். அந்தப் பேர் அப்போதிலிருந்துதான் ஊரில் நின்றது.

சனிக்கிழமைக்காரி என்றால் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கா தங்கையின் அப்பா ஐசக் எர்ணாகுளம் பக்கத்து யூதர். சொந்தபந்தம் முழுக்க இஸ்ரேலுக்குப் புறப்பட்டுப் போன காலத்தில் அவர் மட்டும் படகு எஞ்சின் பழுது பார்க்க இந்தக் கரைக்கு வந்தார். அடுத்த வருஷம் நாமும் போகலாம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிச் சொல்லியே இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்து, இந்த மண்ணிலேயே போய்ச் சேர்ந்தார். மனைவியும் பின்னோடு போனாள். ராஹேல் எட்டாவதோடு படிப்பை விட்டு மிஷினில் உட்கார்ந்தாள். அவள் தைத்த காசில் சிம்ஹா பத்தாவது முடித்தாள். பிறகு வலைநூல், தூண்டில் முள், மிதப்புக்கட்டை விற்கும் சின்னக் கடையை வீட்டு முன்னறையிலேயே போட்டாள். சிம்ஹா என்ற பெயர் குப்பத்து வாயில் சிம்மா ஆயிற்று. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. ராஹேலுக்குத்தான் உண்டு.

குப்பத்தில் யாரும் அவர்களிடம் சாமி பற்றிக் கேட்டு நச்சரித்ததில்லை. அரசாங்க ஆட்களிடம்தான் அந்தத் தொல்லை. யூதர் என்று சொன்னால், ரேஷன் அட்டைக்கு எழுதிக்கொள்ள வந்தவர் பேனாவை மூடிவிட்டு, "கிறிஸ்டினா, முஸ்லிமா, ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா, எனக்கு இன்னும் பத்து வூடு கீது" என்றார். சிம்ஹா அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினாள். அவர் மோரைக் குடித்துவிட்டு 'இதரர்' என்று எழுதிக்கொண்டு போனார். அந்த மோர் வீண் என்று ராஹேல் இன்றுவரை சொல்கிறாள்.

மீன்காரப் பெண்களுக்குத் தெரிந்தது வேறு. இந்த வீட்டில் செதிள் உள்ள மீன்தான் வாங்குவார்கள். சுறா, இறால், நண்டு, கணவாய் எதுவும் வாசற்படி ஏறாது. பவானி என்கிற மீன்காரி, கூடையில் செதிள் மீன் இருக்கும் நாளில்தான் இந்தப் பக்கம் திரும்புவாள். வெள்ளிக்கிழமை என்றால் பெரிய சங்கராவாகப் பார்த்து ஒதுக்கி வைப்பாள். சாயங்காலம் இருட்டுவதற்குள் அக்கா தங்கை விளக்கேற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு அடுப்பு இல்லை என்று அவளுக்குக் கணக்கு. இருபது வருஷத்துக்கும் மேலாக அந்தக் கணக்கு தப்பியதில்லை.

ஐசக் வருஷத்துக்கு ஒரு முறை, எகிப்தில் அடிமைத்தனம் நீங்கியதை நினைக்கும் பஸ்கா விருந்துக்கு உட்காரும்போது, ஒரே வாக்கியத்தைச் சொல்வார். நாமளும் ஒரு காலத்துல ஒருத்தனுக்கு அடிமையா செங்கல் அறுத்தவங்கதான், அதை மறந்துட்டு சாப்பிடாதீங்க என்பார். ராஹேலுக்கு அது சாப்பாட்டுக்கு முந்தின வேண்டுதல். சிம்ஹா அதை வேலை உத்தரவாக எடுத்துக்கொண்டாள். மீன்கூடை என்றால் கண்டக்டர் விசில் ஊதிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போன நாட்களில், பவானியையும் மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனுநாளில் போய் நின்றாள். அடுத்த திங்களும் போனாள். அதற்கடுத்த திங்களும். வாசலில் நின்ற போலீஸ்காரர் இவளைப் பார்த்ததும் தானாக வழி விடுகிற அளவுக்குப் போனாள். பஸ் கூடைக்காரிகளுக்கும் நிற்கத் தொடங்கியது. பிறகு குப்பத்து முனையில் தெருவிளக்கு வந்தது. பிறகு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கதவு உள்ள கழிப்பறை வந்தது. ஒவ்வொன்றும் திறக்கப்பட்ட நாளில் ரிப்பன் வெட்டியது கிருபாகரன். கத்தரிக்கோல் ராஹேலிடம் இரவல் வாங்கியது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு முறைகூட அவர்கள் துடைத்துக் கொடுத்ததில்லை.

இப்போதைய விவகாரம் கருவாட்டு மேடு. குப்பத்துக்கும் கடலுக்கும் நடுவே உயர்ந்த மணல்திட்டு. ஆண்கள் கொண்டுவரும் மீனில் விற்காததைப் பெண்கள் அங்கே விரித்துக் காயவைப்பார்கள். காற்றும் வெயிலும் ஒன்றாகச் சேரும் இடம் கரையில் அது ஒன்றுதான். அந்த மேட்டுக்குப் பக்கத்தில் சொகுசு விடுதி ஒன்று எழும்பியிருந்தது. அவர்களுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும். மேடு புறம்போக்கு. கிராம சபை ஆட்சேபணை இல்லை என்று ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் மேலே மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். விடுதியின் மேனேஜர் ஹரிஹரன், கருவாட்டு வாசனை விருந்தாளிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று கிருபாகரனிடம் சொல்லியிருந்தார். கிருபாகரன் பிறந்ததிலிருந்து கருவாடு தின்று வளர்ந்தவர். அன்றிலிருந்து அவரும் மூக்கைச் சுருக்கத் தொடங்கினார்.

மே தினத்துச் சபையில் அந்தத் தீர்மானத்தை வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தார்கள். சிம்ஹா எழுந்து, நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தார்கள். குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் கிருபாகரனுக்கு அந்த யோசனை தோன்றியது.

மேடு போனால் பவானிக்கு மிஞ்சுவது வெறுங்கூடை. ஆட்டோ வந்துபோன அன்று சாயங்காலம் அவள் நேராகக் கடைக்கு வந்தாள்.

"நீ வரலைன்னா நாங்க போய் இன்னா பண்றது சிம்மா?" என்றாள். "மைக்க எங்க கையில குடுப்பானுங்களா? அவனுங்களே படிப்பானுங்க. அந்தூரு நூறு நாள் வேலை பொம்பளைங்கள கைய தூக்க சொல்வானுங்க. முடிஞ்சிது கத."

ராஹேல் அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். ஒரு முறை போய்விட்டு வந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று அவள் வாதாடினாள். கடவுளுக்குக் கணக்குப் பார்க்க உலகத்தில் வேறு ஆட்களே இல்லையா என்றாள். எழுத வேண்டாம், வாயால் பேசினால் போதும். வண்டி ஏற வேண்டாம், விடியலில் கிளம்பி நடந்துவிடலாம், தானும் கூட வருகிறேன் என்றாள்.

"நடந்தாலும் அவ்ளோ தூரம் கூடாது. அப்பா சனிக்கிழமை கால்வாய் பாலத்த தாண்டுனதே இல்லக்கா," என்றாள் சிம்ஹா.

"அப்பாவுக்கு கருவாட்டு மேடு போற தலைவலி கெடையாது."

சிம்ஹா நூல்கண்டைச் சுற்றி முடித்து அலமாரியில் வைத்தாள். "அவன் நாள் பாத்து வெச்சிக்கீறான். நான் போய் நின்னா, மெரட்டுனா இவ சனிக்கிழமைய வுட்ருவான்னு அவனுக்கு தெரிஞ்சி போவும். அடுத்த தபா வேற எத வுட சொல்லுவான்?"

வாதத்தில் தோற்றால் ராஹேல் துணி மடிப்பாள். மடித்தாள்.

பவானி கிளம்பப் பார்த்தாள். சிம்ஹா அவளை உட்காரச் சொன்னாள். அக்காவைப் பார்த்து, பண்டிகை நாள் வந்தாலே அப்பா என்ன சொல்லிப் புலம்புவார், ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ராஹேலுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர்கள் வழக்கப்படி பத்து ஆண்கள் கூடினால்தான் அது முழு வழிபாடு. ஒருவர் குறைந்தாலும் சபை கிடையாது, வேதச் சுருளைத் திறக்க முடியாது. இந்தக் கரை முழுக்கத் தேடினாலும் ஐசக் ஒருவர்தான். மிச்ச ஒன்பது பேருக்காக அவர் சாகும்வரை ஏங்கினார்.

"ஆள் சேரலையே, ஆள் சேரலையேன்னு சொல்வாரு," என்றாள் ராஹேல்.

"அதேதான்," என்றாள் சிம்ஹா. "கிருபாகரனுக்கும் சேரக்கூடாது."

பவானிக்கு உடனே புரிந்தது. கிராம சபைக்கு நூறு பேராவது உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எந்தத் தீர்மானமும் செல்லாது என்பது இந்த ஊராட்சியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்ததால்தான் கிருபாகரன் ஒவ்வொரு முறையும் வேன் வைத்து ஆள் ஏற்றுகிறார். மற்ற நாளாக இருந்தால், வராதவர் பெயருக்கு நேரே யாராவது கையெழுத்துப் போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். இந்த முறை அந்த வசதியும் இல்லை. விடுதிக்குக் கடன் தரும் வங்கி எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்டதால், ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் உட்காருவார், முழுக்க வீடியோ எடுக்கப்படும் என்று ஹரிஹரனே ஏற்பாடு செய்திருந்தார்.

குப்பத்துப் பெண்கள் போகாமலிருப்பது சுலபம். இலுப்பஞ்சேரிப் பெண்கள்தான் கேள்வி. அவர்களுக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தை அதிகம் கிடையாது. அந்த ஊருக்கு இந்த ஊர் நாற்றம், இந்த ஊருக்கு அந்த ஊர் திமிர்.

அடுத்த நாள் அக்கா தங்கை இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்து இலுப்பஞ்சேரி ஏரிக்கரைக்குப் போனார்கள். நூறு நாள் வேலைப் பெண்கள் கரையில் மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே சின்னப்பொண்ணு. அவள் சொன்னால் அந்தத் தெருவில் அடுப்பு எரியும், அவள் சொன்னால் அணையும்.

"வா சிம்மா," என்றாள் அவள், மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு. "மீன் வாசனை முன்ன வந்துச்சு, நீ பின்ன வர்ற. கூட யாரு, தையக்கார அக்காவா? என் ரவிக்கைய கேட்டு ஒரு மாசம் ஆவுது."

ரவிக்கை தைத்து முடித்து மடித்து வைத்திருப்பதையும், வாங்க வராதது யார் என்பதையும் ராஹேல் எடுத்துச் சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். வேலை நின்றது. மரத்தடிக் கட்டிலில் படுத்திருந்த மேஸ்திரி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தார். அதுதான் அவர் அன்று செய்த வேலை.

சிம்ஹா சொற்பொழிவு செய்யவில்லை. சனிக்கிழமைச் சபையில் என்ன தீர்மானம் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

"எங்களுக்கு எதுக்கு அது?" என்றாள் சின்னப்பொண்ணு. "வண்டியில ஏத்துவானுங்க, எறக்குவானுங்க. கைய தூக்குன்னா தூக்குவோம். போன வருசம் அப்பிடித்தான் எதுக்கோ தூக்கிட்டு வந்தேன். அப்பாலிக்கா பாத்தா, எங்க தெரு குழாய பேத்துகினு போய் கிருபாகரன் மச்சான் வூட்டாண்ட நட்டுட்டானுங்க. இந்தக் கைதான் சிம்மா. இத வெட்டிப் போடவா முடியும்?"

மேடு எதற்காகக் கேட்கப்படுகிறது என்று சிம்ஹா விளக்கினாள். போகாமல் இருக்க முடியுமா என்று கேட்டாள்.

வராதவளுக்கு வேலை கிடையாது என்று மேஸ்திரி ஏற்கனவே சொல்லிவிட்டிருந்தார். சின்னப்பொண்ணு அதைச் சொன்னாள். குரலில் சிரிப்பு குறைந்திருந்தது. பிறகு அவளே, சனிக்கிழமை முழுக்க இவர்கள் வீட்டில் உலை வைப்பதில்லையாமே, நிஜமா என்று கேட்டாள்.

"நெஜந்தான். அன்னிக்கு யாரும் யாருக்கும் வேலை செய்யறதில்ல," என்றாள் சிம்ஹா. "உங்களுக்கு அப்பிடி ஒரு நாள் கீதா?"

"கீதே. செத்தா குடுப்பானுங்க."

கரை முழுக்கச் சிரிப்பு. கிளம்பும்போது சின்னப்பொண்ணு, "பாக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

திரும்பும் வழியெல்லாம் ராஹேல் அந்தப் 'பாக்கலாம்' என்பதைக் கிழித்துத் தொங்கவிட்டாள். வாழ்நாளில் அவள் கேட்ட பாக்கலாம்களை ஒன்றோடொன்று தைத்தால் செங்கல்பட்டு வரைக்கும் விரிக்கலாம் என்றாள். ஒரு பொட்டலம் பிரியாணிக்கு அந்தப் பெண்கள் ஏறிப் போய்விடுவார்கள் என்றாள். சிம்ஹா மறுக்கவில்லை. ஆட்டோவில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இந்த நேரத்தில் தூக்கம் வருகிறது பார் என்று ராஹேல் அவள் தலை இடிபடாமல் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பவானி சங்கரா கொண்டுவந்தாள். ராஹேல் குழம்பு வைத்து இறக்கினாள். இருட்டுவதற்கு முன் அம்மாவின் கண்ணாடித் தொங்குவிளக்கில் எண்ணெய் ஊற்றி இருவரும் திரி ஏற்றினார்கள். போனை அணைத்து, தைத்து முடித்த ரவிக்கைகளுக்கு அடியில் அலமாரியில் வைத்தார்கள். இனி இலுப்பஞ்சேரியில் என்ன நடந்தாலும், நாளை மாலை மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வு நாள் முடியும் வரைக்கும் இந்த வீட்டுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வீட்டெதிரே வலை பின்னும் கொட்டகை. அங்கே உட்கார்ந்தார்கள். சிம்ஹா ரகசியமாகக் கிளம்பிவிட்டாளா என்று பார்க்க வந்ததாகப் பவானி சொன்னாள். வீட்டில் சும்மா இருப்பது இத்தனை கஷ்டம் என்று தெரிந்திருந்தால் உலகத்தைப் படைத்த சாமியே ஆறு நாளில் நிறுத்தியிருக்க மாட்டார் என்று பூங்கொடி என்பவள் கொட்டாவி விட்டாள். சிம்ஹா எல்லாரோடும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராஹேலால் முடியவில்லை. அலமாரியையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக அவளுக்கு அந்தப் போனைத் தொட வேண்டும் என்றிருந்தது. மேடு போய்விட்டால் ஊர் சிம்ஹாவைத்தான் சொல்லும். சாமி கும்பிட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள், அதனால்தான் போயிற்று என்று இதே கொட்டகையில் உட்கார்ந்து சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்கும் நாள் வந்தால் தான் இந்த ஊரில் இருக்கப் போவதில்லை என்று ராஹேல் மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் மணலில் திணறிக்கொண்டு வந்தது. கிருபாகரன். பின்னால் ஊராட்சி எழுத்தர் திருநாவுக்கரசு. தலைவரின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தச் சட்டையின் காலர் ஒரு பக்கம் கோணல் என்பதை ராஹேல் பார்த்தாள். சென்னையில் எவனோ தைத்தது. அந்தக் காசுக்கு அந்தக் கோணல் சரிதான்.

கொட்டகையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்துக் கிருபாகரன் ஒரு கணம் நின்றார். பிறகு சிம்ஹாவிடம் வந்து, அம்மா என்றார். அவர் அவளை அம்மா என்று கூப்பிட்டது அதுவே முதல் முறை.

விஷயத்தைச் சொன்னது திருநாவுக்கரசுதான். காலையில் இலுப்பஞ்சேரிக்கு இரண்டு வேன் அனுப்பினார்களாம். நூறு நாள் வேலைப் பெண்கள் ஒருத்தி பாக்கி இல்லாமல் ஏறினார்களாம். ஏறியதை மேஸ்திரி தன் கண்ணால் பார்த்தாராம். தெரு முனையிலிருந்து மண்டபத்துக்கு ஐந்து நிமிஷப் பாதை. வேன் இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை. மண்டபத்தில் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார், வீடியோக்காரன் காலி நாற்காலியைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான், ஹரிஹரன் யாரோடும் பேசாமல் வெளியே நிற்கிறார், சமையல் ஆட்களைச் சேர்த்தால்கூட முப்பது தலை தேறவில்லை.

"வேன் எங்கதான் போச்சு?" என்று கேட்டாள் பவானி.

திருநாவுக்கரசு தலைவரைப் பார்த்தார், பிறகு மணலைப் பார்த்தார். "திருக்கழுக்குன்றத்துக்கு."

முதல் வேன் ஓட்டும் மணி, சின்னப்பொண்ணுவின் தங்கை மருமகன். ஏறி உட்கார்ந்ததும், மலைக்கோயிலுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, வண்டியை அந்தப் பக்கம் திருப்பு என்று அவள் சொல்லியிருக்கிறாள். முதல் வேன் போன வழியில் இரண்டாவதும் போயிருக்கிறது. தலைவர் போட்ட டீசலில் மொத்தத் தெருவும் இப்போது மலை ஏறிக்கொண்டிருக்கிறது.

கொட்டகையில் எழுந்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ராஹேல் சிரிக்கவில்லை. அந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிருபாகரன் தன் போனை எடுத்து நீட்டினார். "அந்தப் பொம்பள எங்க போனை எடுக்க மாட்டேங்குது. நீ ஒரு வார்த்த சொல்லும்மா. நீ சொன்னா எறங்கி வருவாங்க. மேடு விசயம் அப்பால பேசிக்கலாம், இப்போ சபை நடந்தா போதும், ஆபீசர் முன்ன என் மானம் போவுது."

சிம்ஹா அந்தப் போனைப் பார்த்தாள். கூடையில் சுறாத் துண்டத்தைக் காட்டினால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"இன்னிக்கு தொட மாட்டேனே தலைவரே," என்றாள். "நாளைக்கு கொண்டாங்க, பேசறேன்."

"நாளைக்கு ஆபீசர் இருக்க மாட்டாரும்மா."

"நாள் பாத்து வெச்சது நாங்க இல்லையே," என்றாள் ராஹேல்.

கிருபாகரன் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். பவானி அவருக்கு ஒரு வழி சொன்னாள். "ஆள்தானே வோணும்? இங்க கீறோம். வண்டி அனுப்பு, நாங்க வரோம். தீர்மானத்த படி, கேக்கறோம்."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. போனைக்கூட உயர்த்தினார். அப்புறம் மே தினத்தில் இதே பெண்கள் எழுந்து நின்றது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கை இறங்கியது. ஆள் இல்லாவிட்டால் தீர்மானம் நடக்காது. இந்த ஆள் வந்தால் தீர்மானம் தோற்கும். இரண்டுக்கும் நடுவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இரண்டாவது யோசனை எதுவும் தோன்றவில்லை. முதல் யோசனைக்கே அவ்வளவு வருஷம் ஆயிற்றே.

ராஹேல் உள்ளே போய்த் தட்டில் சோறும் குழம்பும் போட்டுக் கொண்டுவந்தாள். வீடு தேடி வந்தவரைப் பட்டினியாக அனுப்புவது அவர்கள் வழக்கம் இல்லை. நேற்று வைத்தது, சூடு பண்ண மாட்டோம் என்றாள். அவர் வேண்டாம் என்றார். திருநாவுக்கரசு வாங்கிக்கொண்டார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பிரியாணி, சபை முடிந்த பிறகுதான் என்று உத்தரவாம்.

மாலையில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ராஹேல்தான் போனைப் போட்டாள். அதிகாரி சபை கூடவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போன செய்தி முதலில் வந்தது. அடுத்த நிமிஷம் சின்னப்பொண்ணு கூப்பிட்டாள். பின்னால் ஒரு கூட்டமே பேசிக்கொண்டிருந்தது.

"வண்டி ஏறுன்னாங்க, ஏறுனோம்," என்றாள் அவள். "ஏறலைன்னு எந்த மேஸ்திரியாவது சொல்லட்டும். எங்க எறக்குனாங்களோ அங்க எறங்குனோம். எங்களுக்கு இன்னா தெரியும், கை நாட்டு சனம். பிரசாதம் வாங்கி வெச்சிக்கீறேன் சிம்மா, நீ துன்ன மாட்டியாமே. தையக்கார அக்கா துன்னுமா?"

சிம்ஹா போனை அக்காவிடம் கொடுத்தாள். ராஹேல் ரவிக்கையைத் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள். அவள் யார் வீட்டுக்கும் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை. தலைவர் வீட்டுக்குக்கூட.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கருவாட்டு மேட்டில் பவானி நெத்திலி விரித்தாள். விடுதியின் மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்தட்டும். காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது.

தீர்மானத்தைக் கொடுக்க வங்கி வைத்த கெடு தாண்டிப்போயிற்று. ஹரிஹரன் கால்வாய்க்கு அந்தப்பக்கம் தனியார் நிலம் பார்ப்பதாகப் பேச்சு. ஆனாலும் காந்தி ஜெயந்திச் சபை நெருங்கியபோது திருநாவுக்கரசு ஒரு நாள் கடைக்கு வந்தார். தலைவர் அனுப்பியதாகச் சொல்லித் தயங்கினார். சிம்ஹா வலை வாங்க வந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் மிஷின் பக்கம் திரும்பி ராஹேலிடம், இனிமேல் சிறப்புச் சபைக்கு நாள் குறிக்க, சனிக்கிழமை தவிர வேறு எந்தெந்த நாள் உங்களுக்கு ஆகாது என்று தலைவர் கேட்டு வரச் சொன்னார் என்றார்.

ராஹேல் ஊசியைத் தூக்கி, நூலை நறுக்கி, துணியை மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள். வருஷப் பிறப்பு, அது இரண்டு நாள். பாவம் கழிக்கிற உபவாச நாள், அன்று தண்ணீர்கூடக் கிடையாது. கூடாரப் பண்டிகை, ஓலைப் பந்தல் போட வேண்டும். வசந்தத்தில் பஸ்கா. அதற்குப் பிறகு வாரம் கணக்கிட்டு வரும் பண்டிகை. ஒவ்வொன்றும் எந்த மாதத்தில், எந்தச் சாயங்காலம் தொடங்கி எந்தச் சாயங்காலம் முடியும் என்று நிதானமாகச் சொன்னாள். திருநாவுக்கரசு உள்ளங்கையில் எழுதி, அது போதாமல் மணிக்கட்டு வரை எழுதிக்கொண்டார்.

"எல்லாம் எழிதிக்கினியா?" என்று கேட்டாள் ராஹேல்.

"எழிதிக்கினேன்க்கா."

"அந்த நாளா பாத்து சபைய வெக்க சொல்லு. எங்களுக்கு அதான் வசதி."

அவர் கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். ராஹேல் துணியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்து, ஓரத்தைச் சரி பார்த்து, மிதிக்கத் தொடங்கியிருந்தாள்.